இரண்டு மாதக் கோடை வகுப்பில் மாண்டரின்: மதுரையிலிருந்து உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கேள்வி: திருநகர் மூணாவது ஸ்டாப்

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். ஏப்ரலில் பரீட்சை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இரண்டு மாதம் வெளிநாட்டில் தங்கி மாண்டரின் (சீன மொழி) படிக்க வேண்டும். தேடினால் முதலில் வருவது அமெரிக்காவின் கிரிட்டிகல் லாங்குவேஜ் ஸ்காலர்ஷிப். அப்புறம் தைவானின் ஹுவாயூ உதவித்தொகை. சீனாவிலும் ஏதோ இருக்கிறது என்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். டிகிரி சர்டிபிகேட் கைக்கு வராமல் விண்ணப்பிக்கலாமா? வீட்டில் ஒரு லட்சம் வரை புரட்டலாம், போதுமா? மொபைல் ஆப்பில் கொஞ்சம் கற்றிருக்கிறேன், எழுத்து ஒன்றும் தெரியாது. போவதற்கு முன் எதைப் படித்துக்கொண்டு போவது? ஒரு ஏஜென்சி "கேரண்டி" என்று சொல்லி 40,000 கேட்கிறது. ஏஜென்ட் இல்லாமல் முடியுமா?

பதில்: நாகமலை வாசி

முதலில் ஏஜென்சிக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். ஹுவாயூ விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. தேர்வு தைவான் தரப்பு அதிகாரிகள் கையில். இடையில் நிற்பவர் எதற்கும் கேரண்டி தர முடியாது.

அமெரிக்கத் திட்டம் அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். அதையும் விட்டுவிடலாம்.

ஹுவாயூ தைவான் கல்வி அமைச்சகம் தருவது. 18 வயது நிறைந்து, குறைந்தது பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். ஆகவே டிகிரி சர்டிபிகேட் வராதது தடை இல்லை: பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், இதுவரை முடித்த செமஸ்டர்களின் மதிப்பெண்கள், கல்லூரியின் போனஃபைடு சான்று மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாதம் என்று கால அளவு உண்டு. அந்த இரண்டு மாதம்தான் கோடை வகுப்பு. விண்ணப்பம் வழக்கமாக பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை. உங்கள் செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்கும் நேரமும் அதுதான், அதனால் காகித வேலையை டிசம்பரிலேயே தொடங்குங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று. இதில் விண்ணப்பம் ஒன்றல்ல, இரண்டு. உதவித்தொகைக்கு டெல்லியில் உள்ள தைபே பொருளாதார, பண்பாட்டு மையத்தின் (தைவானுக்குத் தூதரகம் மாதிரி) கல்விப் பிரிவுக்கு ஒன்று. படிக்கப்போகும் மொழி மையத்துக்குத் தனியாக இன்னொன்று. மொழி மையத்தில் விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியை உதவித்தொகை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். மையத்தை மார்ச் கடைசி வாரம் தேடினால் அந்த அத்தாட்சி நேரத்துக்கு வராது. ஜனவரியிலேயே மையத்துக்கு எழுதிவிடுங்கள். உதவித்தொகை கிடைத்தது என்பதற்காகச் சேர்க்கையும் தானாகக் கிடைத்துவிடாது, மறுபக்கமும் அப்படியே.

மையம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விதியைப் பாருங்கள்: வாரம் குறைந்தது 15 மணி நேரம் வகுப்பு இருக்க வேண்டும். தைபேயில் தேசிய தைவான் நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956-லிருந்து நடக்கிறது, பெரியது. அங்கே சாதாரண வகுப்பு நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்குப் பத்துதான். தீவிர வகுப்பு மூன்று மணி நேரம். எதில் சேருகிறீர்கள், 15 மணிக் கணக்கை எப்படி நிரப்புவார்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தைனானில் தேசிய செங்குங் பல்கலைக்கழகமும் காவ்ஷியுங்கில் வென்சாவ் உர்சுலின் பல்கலைக்கழகமும் மொழி மையம் நடத்துகின்றன. தெற்கே வாடகை குறைவு.

இப்போது நம் ஊர்த் தலைவலி: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "சு. மீனாட்சி" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் "மீனாட்சி சுந்தரம்" என்று விரிந்திருக்கும். அவர்களுக்கு இது இரண்டு ஆள். எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் எழுதுங்கள். கூடவே, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஆங்கிலத்தில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. மதுரையிலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது.

சான்றொப்பத்தில் ஒரு பொறி உண்டு. அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டின் ஆவணத்தை ஒப்பந்த நாடுகள் ஏற்கச் செய்யும் முத்திரை; அந்த ஒப்பந்தத்தில் தைவான் இல்லை. கடைக்காரர் "அப்போஸ்டில் போட்டுத் தர்றேன்" என்பார், அது அங்கே செல்லாது. உங்கள் மையமோ விசாப் பிரிவோ சான்றொப்பம் கேட்டால் வரிசை இது: மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் சாதாரண அட்டஸ்டேஷன், கடைசியாக தைபே பொருளாதார, பண்பாட்டு மையத்தின் முத்திரை. எல்லா மையமும் கேட்பதில்லை. கேட்டால் மட்டும் செய்யுங்கள், காசும் நாளும் மிச்சம்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு. "நல்லொழுக்கம் உடையவர், கடின உழைப்பாளி" என்ற மாதிரிக் கடிதம் பயன்படாது. எந்தப் பாடம் எடுத்தார், வகுப்பில் நீங்கள் எதைச் செய்து காட்டினீர்கள், மொழி படிக்கும் திறனுக்கு என்ன ஆதாரம் என்று பேராசிரியர் லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும். அவர் உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது; இந்த மூன்றுக்கும் நீங்களே குறிப்பு எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

படிப்புத் திட்டத்தில் தைவானின் அழகைப் புகழ்ந்து ஒரு பக்கத்தை வீணாக்காதீர்கள். பி.காம். படித்தவர் மாண்டரினை எங்கே பயன்படுத்துவார் என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் அதற்குப் பதில் கண்ணெதிரே இருக்கிறது: செய்யாறில் ஃபெங் டேயின் செருப்பு ஆலைகள், ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான். அங்கெல்லாம் கொள்முதல், கணக்கு, சரக்கு ஆவணம் பார்க்கிறவர் தைவான் தலைமையகத்தோடு பேச வேண்டியிருக்கும். அதை எழுதுங்கள்.

பதில்: தெப்பக்குளம் மேற்கு

நாகமலையார் நடைமுறையைச் சொல்லிவிட்டார். பணக் கணக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் "முழு உதவித்தொகை" என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள்தான் அங்கே போய்த் திண்டாடுகிறார்கள்.

ஹுவாயூ முழு உதவித்தொகை இல்லை. மாதாமாதம் ஒரு தொகை, அவ்வளவே. நெடுங்காலம் அது மாதம் 25,000 தைவான் டாலராக இருந்தது, அதை வைத்தே கீழே கணக்குப் போடுகிறேன். உங்கள் ஆண்டு அறிவிப்பில் உள்ள எண்ணை வைத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு தைவான் டாலரை இரண்டரை முதல் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். கல்விக் கட்டணம், வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் இதிலிருந்தே. விமான டிக்கெட் இதில் சேராது.

இரண்டு மாத வரவு 50,000. செலவை ஒரு மாதிரிக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்புக் கட்டணம் 25,000. பகிர்ந்து தங்கும் அறை மாதம் 7,000 என்றால் 14,000. தைபே நடுவில் இந்த விலைக்கு நல்ல அறை கஷ்டம், தைனானில் கிடைக்கும். சாப்பாடு நாளுக்கு 250 என்றால் 15,000. பஸ், மெட்ரோ, சிம், புத்தகம் 4,000. ஆக 58,000. சிக்கனமாக இருந்தும் 8,000 துண்டு விழுகிறது. அதற்கு மேல் டிக்கெட், விசா, காப்பீடு. ஒரு லட்சம் இழுபறி. ஒன்றே கால், ஒன்றரை லட்சம் இருந்தால் நிம்மதி.

துண்டு விழுவதைவிடப் பெரிய சிக்கல், முதல் மாதத் தொகை நீங்கள் இறங்கிய அன்றே வராது. பதிவு முடிந்து, பட்டியல் போய், வர வாரக்கணக்காகும். கட்டணமும் வாடகை முன்பணமும் முதல் வாரமே கேட்பார்கள். அதனால் முதல் மாதச் செலவும் கட்டணமும் முழுதாகக் கையில் இருக்க வேண்டும். நம் ரூபாயை அங்கே வங்கியில் மாற்ற முடியாது; அமெரிக்க டாலராகக் கொண்டுபோங்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவிட்டு, ஓ.டி.பி. வருகிற சிம்முக்கு ரோமிங்கையும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். இதை மறந்தால் அங்கே உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது.

அங்கே வங்கிக் கணக்கு தொடங்க ஒரு அடையாள எண் கேட்பார்கள். இரண்டு மாதத்துக்கு வருபவருக்குக் குடியிருப்பு அட்டை கிடைக்காது. அதற்குப் பதிலாகக் குடிநுழைவுத் துறை அலுவலகத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு அடையாள எண் தாள் வாங்கலாம், அதை வைத்து அஞ்சலகத்தில் கணக்கு தொடங்கலாம். மையம் உதவித்தொகையை எந்த வழியில் தரும் என்று போவதற்கு முன்பே கேளுங்கள்.

இன்னொன்று, வகுப்புக்கு மட்டம் போட்டால் பணம் நிற்கும். நோய்நொடி தவிர ஒரு மாதத்தில் 12 மணி நேரம் வராமல் இருந்தால் ஒரு மாதத் தொகையை நிறுத்துவது இந்தத் திட்டத்தின் விதி. நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் நான்கு நாள்தான். சுற்றிப் பார்ப்பதெல்லாம் சனி, ஞாயிறில்.

என் கருத்து: இரண்டு மாதத்துக்கு இவ்வளவு செலவு செய்வது, அடிப்படை முடித்தவருக்குத்தான் பயன். ஒன்றும் தெரியாமல் போனால் முதல் மூன்று வாரம் உச்சரிப்பிலேயே கழிந்துவிடும். உங்களுக்குப் படிப்பு முடிகிறது, வேலைக்கு அவசரம் இல்லை என்றால் ஆறு அல்லது ஒன்பது மாதத்துக்கே விண்ணப்பியுங்கள். டிக்கெட் செலவு அதேதான்.

திருநகர் மூணாவது ஸ்டாப்

ரொம்ப நன்றி அண்ணா. ஆறு மாதத்துக்கு வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், இரண்டு மாதம்தான். இப்போது நவம்பர். அதற்குள் அடிப்படையை முடிக்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: சிம்மக்கல்

ஏழு மாசம் இருக்கு தங்கச்சி, தாராளமா முடியும். ஆனா ஆப்பை மூடி வச்சுட்டு முதல் ஒரு மாசம் ஒலியை மட்டும் பாருங்க. தமிழ் பேசுறவங்களுக்கு எது சுலபம், எது மாட்டும்னு சொல்றேன்.

மாட்டுறது மூச்சு. பின்யின்ல (சீன ஒலியை ஆங்கில எழுத்துல எழுதுற முறை) பி, டி, ஜி போட்டிருக்கிற எழுத்து ஆங்கிலம் மாதிரி அதிர்ற ஒலி இல்ல. நம்ம "பல்", "கல்" சொல்லும்போது முதல்ல வர்ற ப, க தான் அது. அதே இடத்துல மூச்சைத் தள்ளிச் சொன்னா அது பின்யின்ல வேற எழுத்து. தமிழ்ல இந்த மூச்சு வித்தியாசமே கிடையாது, அதனால நம்ம காது இரண்டையும் ஒண்ணாக் கேக்கும், வாயும் ஒண்ணாச் சொல்லும். வயிறு நிறையறதும் ஓடுறதும் தமிழ் எழுத்துல எழுதினா இரண்டுமே "பாவ்". அதனாலதான் சொல்றேன், நோட்டுல சீன உச்சரிப்பைத் தமிழ்ல எழுதிவைக்கிற பழக்கம் வேண்டாம். வாய்க்கு முன்னால ஒரு மெல்லிய டிஷ்யூவைப் பிடிச்சுக்கிட்டு இரண்டையும் மாத்தி மாத்திச் சொல்லுங்க. ஒண்ணுக்குத் தாள் ஆடணும், இன்னொண்ணுக்கு அசையக் கூடாது. தினம் பத்து நிமிஷம், மூணு வாரம்.

நமக்கு லாபம் ழகரம். பின்யின்ல ஆர் எழுத்துல தொடங்குற ஒலியை வட இந்தியர், ஐரோப்பியர் எல்லாம் ரகரமாச் சொல்லி அடி வாங்குவாங்க. நாம நாக்கை மடிச்சு ழ சொல்ற இடத்துக்குப் பக்கத்துலதான் அது இருக்கு. நாக்கை வளைக்கிற மத்த வரிசையும் நமக்கு வரும், ட, ண, ள எல்லாம் சொல்லிப் பழகின நாக்கு. அதே மாதிரி பின்யின் ஜே எழுத்து "பச்சை"ல வர்ற ச்ச-வுக்குக் கிட்ட. நாக்கு நுனியைக் கீழ்ப் பல்லுக்குப் பின்னால வச்சா இன்னும் சரியா வரும்.

சொல் கடைசியில ங் வந்தா நாம தன்னை அறியாம க் சேர்த்துடுவோம். "ங்"லயே நிறுத்தணும். ன், ங் இரண்டையும் கலந்தா அர்த்தமே மாறிடும்.

குரல் ஏறி இறங்குற விதத்துலயே சொல்லோட அர்த்தம் மாறும், அதுதான் தொனி. தொனி நாலு, தொனியில்லாத ஒண்ணு. பாடப் படத்துல மூணாவது தொனி இறங்கி ஏறுற மாதிரி வரைஞ்சிருக்கும். தொடர்ந்து பேசும்போது அது பெரும்பாலும் ஏறாது, தாழ்வாவே நிக்கும். இரண்டு மூணாந்தொனி அடுத்தடுத்து வந்தா முதல்தை இரண்டாந்தொனியாச் சொல்லணும். நம்ம ஆட்கள் செய்ற தப்பு, கேள்வி கேக்கும்போது வாக்கியக் கடைசியைத் தமிழ் மாதிரி தூக்குறது. கடைசிச் சொல் நாலாவது தொனியா (இறங்குறது) இருந்தா அது இரண்டாவதாப் (ஏறுறது) போயிடும். தனிச் சொல்லாப் பழகாதீங்க, இரண்டு இரண்டு சொல்லாப் பழகுங்க. இருபது ஜோடிச் சேர்க்கை வரும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொல் மனப்பாடம் ஆனா போதும். உங்க குரலைப் போன்ல பதிவு பண்ணி, அசல் ஒலிக்குப் பின்னாலயே ஒட்டிக் கேளுங்க. பேசும்போது தெரியாத தப்பு, கேக்கும்போது தெரியும்.

எழுத்து: தைவான்ல பழைய முழு வடிவ எழுத்து. சீனாவுல சுருக்கின வடிவம். உங்க ஆப் பெரும்பாலும் சுருக்கினதைத்தான் காட்டும், அமைப்புல போய் மாத்திடுங்க. அங்க பின்யினுக்குப் பதிலா போபோமோஃபோன்னு 37 குறி வச்சிருப்பாங்க. குழந்தைங்க புத்தகமும் போன் கீபோர்டும் அதுலதான். மையத்துல பின்யினும் சொல்லித் தருவாங்க, ஆனா 37 குறியைப் பத்து நாள்ல படிச்சுடலாம், கத்துக்கிட்டா ஆங்கில எழுத்தோட ஒலி வந்து குழப்பாது.

கையால எழுதுறதுக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டே போதும், நாலு கட்டத்துக்கு ஒரு எழுத்து. கோடு போடுற வரிசையைத் தப்பாப் பழகினா அப்புறம் மாத்துறது கஷ்டம், அதனால முதல் நூறு எழுத்தை மட்டும் அவசரப்படாம எழுதுங்க. எழுத்துக்குள்ள திரும்பத் திரும்ப வர்ற அடிப்படைத் துண்டுகள் 214 இருக்கு, அந்தப் பட்டியலை முழுசா உருப்போட வேண்டியதில்லை. நீர், கை, வாய், மரம், பேச்சுன்னு அடிக்கடி வர்ற ஐம்பது தெரிஞ்சா மிச்சது தானா வரும். நாளைக்கு அஞ்சு புது எழுத்து, நேத்து படிச்சதும் போன வாரம் படிச்சதும் திரும்ப. அதுக்கு மேல வேண்டாம்.

டி.ஓ.சி.எஃப்.எல்.ங்கிறது தைவான் தரப்பு நடத்துற மாண்டரின் தேர்ச்சித் தேர்வு. கட்டாயம் இல்ல, ஆனா சான்று இருந்தா விண்ணப்பத்துக்குப் பலம். எப்ப, எங்க நடக்குதுன்னு தைபே மையத்தோட அறிவிப்புல பாருங்க.

பதில்: பசுமலை அடிவாரம்

தைவான் மட்டுமே வழி என்று எழுதிவிட்டீர்கள். செலவு பயம் உள்ளவர் சீனாவையும் பார்க்க வேண்டும். அங்கே பன்னாட்டுச் சீனமொழி ஆசிரியர் உதவித்தொகை என்று ஒன்று, முன்பு கன்ஃபூசியஸ் இன்ஸ்டிட்யூட் உதவித்தொகை என்ற பெயரில் இருந்தது. ஒரு செமஸ்டர், ஒரு கல்வியாண்டு பிரிவுகளில் கல்விக் கட்டணமும் விடுதியும் இலவசம், கையில் மாதம் 2,500 யுவான். பணக்கணக்கில் ஹுவாயூவைவிட இது மேல். ஆனால் எச்.எஸ்.கே. (சீனா நடத்தும் சீனமொழித் தேர்வு) சான்று இல்லாமல் அந்த வாசலில் நிற்க முடியாது, இரண்டு மாதம் என்ற அளவிலும் கிடைக்காது. இந்தக் கேள்வியைக் கேட்ட தங்கைக்கு இந்தக் கோடைக்கு ஆகாது; அடுத்த ஆண்டுக்கு யோசிக்கலாம். 180 நாளுக்குள் என்றால் எக்ஸ்2 விசா, மேலே போனால் எக்ஸ்1, இரண்டுக்கும் சேர்க்கைக் கடிதம் அங்கிருந்து வர வேண்டும்; எக்ஸ்1-க்கு ஜே.டபிள்யூ. என்ற மாணவர் விசாப் படிவமும் வர வேண்டும்.

பதில்: நாகமலை வாசி

பசுமலையார் சொன்னது சரி. இரண்டு மாதம் என்றால் தைவான்தான்.

விசா பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தென்மாநிலக்காரர்களுக்குச் சென்னையிலேயே தைபே மையத்தின் கிளை இருக்கிறது, 2012-இல் திறந்தது. சேர்க்கைக் கடிதம், உதவித்தொகைக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், திரும்பும் டிக்கெட் எல்லாம் எடுத்துப் போக வேண்டும். கவனிக்க வேண்டியது தங்கும் நாள். விசாவில் 60 நாள் என்று போட்டிருந்தால் இறங்கிய மறுநாளிலிருந்து எண்ணுவார்கள். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை 62 நாள்! வகுப்பு முடியும் முன்பே விசா முடிந்துவிடும். விண்ணப்பிக்கும்போதே வகுப்புத் தேதியைக் காட்டிப் போதுமான நாள் கேளுங்கள். "நீட்டிப்பு இல்லை" என்ற முத்திரை விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள், விழுந்திருந்தால் அங்கே போய் நீட்டிக்க முடியாது. உதவித்தொகை முடிவு வந்த பிறகு விசாவுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு, அதனால் ஜூன் தொடக்க வகுப்பைவிட ஜூலை வகுப்பு உத்தமம்.

பயணத்துக்கு மதுரையைவிடத் திருச்சி வசதி. அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட், கோலாலம்பூருக்கு ஏர் ஏசியா. இரண்டும் தைபேவுக்குப் பறக்கின்றன. விலை குறைவு என்று இரண்டு தனி டிக்கெட்டாக எடுக்காதீர்கள். நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும், சிங்கப்பூர் என்றால் அதற்கு விசா கேட்பார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதன் காசும் போச்சு. ஒரே புக்கிங்கில் பெட்டி நேராகத் தைபே போகிறதா என்று பார்த்து எடுங்கள்.

திருநகர் மூணாவது ஸ்டாப்

சைவம் மட்டும்தான் சாப்பிடுவேன். ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா? அம்மா பொடி வகையெல்லாம் கட்டித் தர்றேன் என்கிறார்கள்.

பதில்: தெப்பக்குளம் மேற்கு

குக்கர் வேண்டாம். தைவானில் 110 வோல்ட், இரண்டு தட்டைக் கால் பிளக். நம் 230 வோல்ட் குக்கரும் கெட்டிலும் அங்கே அரைகுறையாகத்தான் சூடாகும். போன், லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் பிரச்சினை இல்லை, பிளக் மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பௌத்த சைவ உணவகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பல கடைப் பலகையில் ஸ்வஸ்திக் குறி இருக்கும், அங்கே அது சைவக் கடை அடையாளம். தட்டில் வேண்டியதை எடுத்துவைத்தால் எடை போட்டுக் காசு வாங்கும் கடைகள் மலிவு. வெங்காயம், பூண்டு கூட இல்லாமல் சமைக்கிற கடைகள் பல. சாதாரணக் கடையில் "காய் மட்டும்" என்று சொன்னாலும் பன்றிக்கொழுப்பில் வதக்கியிருக்கலாம், அதனால் ஆரம்பத்தில் சைவக் கடையோடு நில்லுங்கள். முட்டை சேர்க்காதவர் என்றால் பொட்டலத்தில் சைவ வகை தனியாக அச்சிட்டிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பருப்புப்பொடி, இட்லிப்பொடி கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக எடுத்துப் போங்கள். வீட்டில் அரைத்துப் பெயரில்லாமல் கட்டியது சுங்கத்தில் கேள்விக்கு இடம் கொடுக்கும். பச்சைக் கறிவேப்பிலை, பழம் இரண்டையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். இறைச்சி கலந்த எதுவும் கூடாது, அதற்குக் கடுமையான அபராதம். நூடுல்ஸ் பாக்கெட்டின் மசாலாவில் இறைச்சி இருக்கிறதா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.